கைதவறிய பாப்ரிகா: 'புலே கஸ்தோன் ஜெரார்' உணவின் தோற்றக்கதை பற்றிய ஆய்வு

உணவும் கேள்வியும்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திஜோன் நகரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கோழி உணவு 'புலே கஸ்தோன் ஜெரார்'. கோழித் துண்டுகளை வெண்ணெயில் சிவக்க வறுத்து, பாப்ரிகா மிளகாய்த்தூள் தூவி, மூடி வேகவைக்கிறார்கள். சட்டியில் தங்கிய சாற்றோடு வெள்ளை ஒயின், துருவிய பாலாடைக்கட்டி, க்ரீம், கடுகு விழுது ஆகியவற்றைச் சேர்த்து சாஸ் தயாரிக்கிறார்கள். அதைக் கோழியின் மேல் ஊற்றி, இன்னும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் ரொட்டித்தூளும் தூவி, மேற்பரப்பு முறுகும்வரை ஓவனில் சுடுகிறார்கள். இதற்குரிய பாலாடைக்கட்டி ஜூரா மலைப்பகுதியில் செய்யப்படும் கோந்தே.

திஜோன் உணவகங்களில் இது பர்கண்டியின் மரபுணவாகவே பரிமாறப்படுகிறது. சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகும் மாட்டிறைச்சிக்கும், பூண்டு வெண்ணெயில் வாட்டிய நத்தைக்கும் பக்கத்தில் இதற்கும் இடம் உண்டு. ஆனால் அவற்றுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: பிறந்த ஆண்டு. 1930 என்று சொல்லப்படுகிறது. ஒரு வீடு, ஒரு விருந்து, ஒரு கைத்தவறு எல்லாம் சேர்ந்தே சொல்லப்படுகின்றன. நூறாண்டு நிறையாத உணவு மரபாக எண்ணப்படுவதில் வியப்படைய ஏதுமில்லை. ஐரோப்பாவில் தொன்மையானவை என்று நம்பப்படும் பல வழக்கங்கள் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் உருவாக்கப்பட்டவை என்பதை எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல் 1983இலேயே விரிவாகக் காட்டிவிட்டது. ஆராய வேண்டியது வேறு. ஒரு பிழையிலிருந்து இவ்வுணவு தற்செயலாகப் பிறந்தது என்ற விளக்கம் எந்த அளவுக்குப் போதுமானது? இக்கட்டுரையின் முடிவு இது: கைத்தவறு சாஸின் நிறத்தை மட்டுமே விளக்குகிறது. மற்றவை ஒரு பெண்ணின் சமையலறிவிலிருந்தும், உணவைக் கொண்டு தன் ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்த முனைந்த ஒரு நகரின் திட்டத்திலிருந்தும் வந்தவை.

வழங்கிவரும் கதை

திஜோன் மேயர் கஸ்தோன் ஜெரார் 1930இல் தம் வீட்டுக்கு ஒரு விருந்தினரை அழைத்திருந்தார். வந்தவர் க்யூர்னோன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய மொரீஸ் எத்மோன் சாயோன் (1872–1956). 1927இல் நடந்த வாக்கெடுப்பில் 'சுவைஞர்களின் இளவரசர்' எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிரான்சில் அன்று உணவைப் பற்றி எழுதியவர்களிலேயே செல்வாக்கு மிகுந்தவர். அடுப்படியில் இருந்தவர் மேயரின் மனைவி. ரேன் ஜெனெவியேவ் பூர்கோஞ் என்பது அவருடைய பெயராகச் சொல்லப்படுகிறது. கோழி வெந்துகொண்டிருந்தபோது பாப்ரிகா டப்பா கைதவறிச் சட்டிக்குள் கொட்டியது. சமையலைக் காப்பாற்ற அவர் கோந்தே பாலாடைக்கட்டி, பர்கண்டி வெள்ளை ஒயின், க்ரீம் ஆகியவற்றைச் சேர்த்தார். உண்டு மகிழ்ந்த விருந்தினர் அதற்கு மேயரின் பெயரைச் சூட்டினார்.

சொல்பவருக்குச் சொல்பவர் விவரங்கள் கொஞ்சம் மாறுகின்றன. கடுகு விழுது முதலிலேயே இருந்ததாகச் சில வடிவங்கள் சொல்கின்றன. சில வடிவங்களில் அது இல்லவே இல்லை. பாப்ரிகா முழு டப்பாவும் கொட்டியதாகச் சிலர் சொல்வார்கள், கைப்பிடி அளவு என்று சிலர். ஆண்டும் விருந்தினரும் கைத்தவறும் எல்லா வடிவங்களிலும் மாறாமல் வருகின்றன. இம்மூன்றில் ஆண்டும் விருந்தினரும் மேலும் ஆராய இடம் தருகின்றன. அந்த மேயர் அந்த எழுத்தாளரை அந்தக் காலத்தில் தம் மேசைக்கு அழைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை வைத்துப் பார்க்கும்போது அந்த விருந்து வெறும் குடும்ப விருந்தாகத் தோன்றவில்லை.

1930இன் திஜோன்

கஸ்தோன் ஜெரார் (1878–1969) தொழிலால் வழக்கறிஞர். 1919 முதல் 1935 வரை திஜோனின் மேயராக இருந்தார். 1930களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசில் சுற்றுலாவுக்கான பொறுப்பும் அவரிடம் வந்தது. சுற்றுலாவை அமைச்சரவையின் வேலையாகக் கருதிய முதல் தலைமுறை அரசியலர்களில் அவர் ஒருவர். 1921இல் அவர் தொடங்கிய 'திஜோன் உணவுக் கண்காட்சி' இன்றும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கிறது.

அந்தக் கண்காட்சி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அறியப் பர்கண்டியின் அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலோக்சரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மறுநடவு முடிந்து தோட்டங்கள் தலைதூக்கும் வேளையில் முதல் உலகப்போர் வந்தது. போருக்குப் பின் வெளிநாட்டுச் சந்தைகள் சுருங்கின. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரமே சரிந்தது. விற்காத ஒயினை விற்க வேண்டுமானால் அது பிறந்த மண்ணை மக்கள் விரும்ப வேண்டும் என்று பர்கண்டியினர் முடிவுக்கு வந்தார்கள். மெர்சோ கிராமத்தில் அறுவடை முடிவு விருந்து 1923இல் புதுப்பிக்கப்பட்டது. நுய்-சேன்-ஜோர்ஜ் ஊரில் ஒயின் வீரர்களின் சங்கம் 1934இல் தொடங்கப்பட்டு, இடைக்கால உடையும் பட்டமளிப்புச் சடங்குகளும் வகுக்கப்பட்டன. பர்கண்டி ஒயினின் நாட்டுப்புறத் தோற்றம் இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எப்படித் திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பதைச் சமூகவியலாளர் ஜில் லஃபெர்த்தே ஒரு தனி நூலில் ஆராய்ந்திருக்கிறார். உணவுக் கண்காட்சியும் இதே காலத்தைச் சேர்ந்தது.

பாரிஸிலிருந்து லியோன் வழியாக மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் ரயில்பாதையில் திஜோன் ஒரு பெரிய நிலையம். மோட்டார் வண்டி பெருகியதும் தெற்கே செல்லும் நெடுஞ்சாலைகள் பர்கண்டியைக் கடந்து சென்றன. வழியில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் கையேடுகளுக்குத் தேவை வந்தது. மிஷ்லேன் கையேடு 1926இல் நட்சத்திரக் குறியைத் தொடங்கி, 1931இல் மாகாண உணவகங்களுக்கு மூன்று நட்சத்திர வரிசையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, 1921இலிருந்து, க்யூர்னோன்ஸ்கி தம் நண்பர் மார்செல் ரூஃப்புடன் சேர்ந்து பிரான்சின் மாகாணங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, உணவு வழிகாட்டி நூல்வரிசை ஒன்றை வெளியிடத் தொடங்கியிருந்தார். 1928க்குள் அதில் 28 தொகுதிகள் வந்தன. பாரிஸின் ஆடம்பர விடுதிகளைவிட மாகாணங்களின் எளிய சமையலே பிரான்சின் உண்மையான செல்வம் என்பது அவ்வரிசையின் உள்ளோட்டம்.

ஆக, வட்டார உணவைச் சுற்றுலாவாக மாற்ற முயன்ற மேயரும், வட்டார உணவுக்கு நாட்டளவில் மதிப்பு வாங்கித்தர முடிந்த எழுத்தாளரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். அந்த மேசையில் பிறந்த புதிய உணவு ஊரின் பெயரோ ஊர்த்தலைவரின் பெயரோ தாங்கி வெளியே வந்தது இயல்பு. விருந்து நடக்கவே இல்லை என்றோ கதை பொய் என்றோ இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அன்று எத்தனையோ விருந்துகள் நடந்திருக்கும். அவற்றுள் இது மட்டும் நினைவில் நின்றதற்கு இருவரின் செல்வாக்கும் காரணம்.

தற்செயல் கதைகளின் பொது வார்ப்பு

பிரெஞ்சு உணவு வரலாற்றில் கைத்தவறு ஒரு நிலையான கதாபாத்திரம். லாமோத்-பெவ்ரோன் ஊரில் விடுதி நடத்திய தாத்தேன் சகோதரிகளில் ஒருவர் ஆப்பிள் பண்டத்தைத் தலைகீழாகச் சுட்டுவிட்டதில் பிறந்தது 'தார்த் தாத்தேன்' என்பார்கள். நாந்த் நகருக்கு அருகே லுவார் ஆற்றங்கரையில் சமையல் செய்த கிளெமான்ஸ் லெஃபேவ்ர், பெயர்னேஸ் சாஸில் முட்டை மஞ்சள்கருவைச் சேர்க்க மறந்ததில் வெண்ணெய்ச் சாஸான 'பேர் பிளான்' பிறந்தது என்பார்கள். இப்போது இவற்றோடு பாப்ரிகா டப்பாவையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்று கதைகளிலும் சமைத்தவர் பெண். மூன்றிலும் அவருடைய கண்டுபிடிப்பு ஒரு தவறாகச் சொல்லப்படுகிறது. தலைகீழாகச் சுட்ட பழப் பண்டங்கள் சோலோஞ் பகுதியில் தாத்தேன் சகோதரிகளுக்கு முன்பே வழக்கில் இருந்தன. அவர்கள் அதைச் சிறப்பாகச் செய்ததால் புகழ் வந்தது. பேர் பிளானுக்காக, வெங்காயத் துணுக்கும் வினிகரும் வற்றக் காய்ச்சிய சாற்றில் குளிர்ந்த வெண்ணெயைச் சிறிது சிறிதாக அடித்துச் சேர்க்கும் வேலையை மறதியால் செய்துவிட முடியாது. சூடு சற்றே ஏறினாலும் வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்துவிடும். மஞ்சள்கரு இல்லாமலேயே அதைப் பிரியாமல் நிறுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

ஆண் சமையற்கலைஞர்களின் படைப்புகளுக்குப் பெரும்பாலும் வேறு வகைக் கதை சொல்லப்படுகிறது. எஸ்கோஃபியே பாடகி மெல்பாவுக்காக ஒரு பண்டத்தை *வடிவமைத்தார்* என்றே வரலாறு சொல்லும். பெண்ணின் அடுப்படியில் நிகழ்ந்தது அதிர்ஷ்டம், ஆணின் சமையலறையில் நிகழ்ந்தது கலை என்ற பாகுபாடு இக்கதைகளின் அடியில் ஓடுகிறது. தார்த் தாத்தேனை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியவர்களிலும் க்யூர்னோன்ஸ்கி ஒருவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தற்செயல் கதை அச்சில் நன்றாக எடுபடும். பயணியின் நினைவிலும் எளிதில் நிற்கும். அதற்காகவே அது சான்று என்ற தகுதியைப் பெற்றுவிடாது.

சட்டி தரும் சான்று

கதையை ஒதுக்கிவிட்டு உணவையே சான்றாக எடுத்துக்கொண்டால் மேலும் தெளிவு கிடைக்கிறது. பாப்ரிகா அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுப்பில் சட்டி கொதிக்கிறது, கூடத்தில் நாட்டின் முதல்நிலைச் சுவைஞர் காத்திருக்கிறார். அந்நிலையில் சமையற்காரர் முன் இருந்த சிக்கல் என்ன?

இனிப்புவகைப் பாப்ரிகாவில் காரம் மிகக் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காய்ந்த மிளகாயின் சர்க்கரை சூட்டில் விரைவாகக் கருகும், கருகினால் கசக்கும். மிகுந்த தூள் சாற்றில் மண்போல நாவில் தட்டும். ஆனால் பாப்ரிகாவின் சிவப்பு நிறமிகளும் மணத்தின் பெரும்பகுதியும் கொழுப்பில் கரைபவை. எனவே நீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் பயன் கிடைக்காது. கருகுவதை உடனே நிறுத்த ஒரு திரவம் வேண்டும். பிறகு நிறத்தையும் மணத்தையும் உள்வாங்கிக்கொள்ள நிறையக் கொழுப்பு வேண்டும். தூளைத் தாங்கி நிற்கக் கெட்டியான உடல் வேண்டும். வெள்ளை ஒயின் முதல் வேலையைச் செய்கிறது. க்ரீம் இரண்டாவதை, பாலாடைக்கட்டி மூன்றாவதை. பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டவர் இந்த வரிசையை அடைந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

இந்த வரிசை வானத்திலிருந்தும் விழவில்லை. திஜோனுக்குத் தெற்கே பிரெஸ் சமவெளியில் க்ரீமில் வேகவைத்த கோழி வீட்டுச் சமையலின் பழக்கமான உணவு. வெண்ணிறகும் நீலக்காலும் கொண்ட பிரெஸ் கோழிக்கு 1957இல் சட்டப்படியான தோற்றப் பாதுகாப்பு கிடைத்தது. அதன் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே பிரான்சில் பரவியிருந்தது. கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் வெள்ளை ஒயினில் பாலாடைக்கட்டியைக் கரைத்து ரொட்டியை முக்கி உண்ணும் 'ஃபோந்த்யூ' உண்டு. பாலாடைக்கட்டியும் ரொட்டித்தூளும் தூவி மேற்பரப்பை முறுகச் சுடும் 'கிராத்தேன்' முறை பிரான்ஸ் முழுவதற்கும் பொது. க்ரீம் கோழியும் ஃபோந்த்யூவும் கிராத்தேனும் ஒரே சட்டியில் சேர்ந்தால் கிடைப்பது ஏறத்தாழ இவ்வுணவுதான். திஜோன் பகுதியின் நல்ல வீட்டுச் சமையற்காரர் ஒருவர் இம்மூன்றையும் தனித்தனியே பலமுறை செய்திருப்பார். அவற்றை ஒன்றாக இணைத்ததே இங்கே நிகழ்ந்த புதுமை.

சாஸில் மாவு இல்லை என்பது இன்னொரு தடயம். அன்றைய தொழில்முறைச் சமையலில் கோழிக்குப் பாலாடைக்கட்டிச் சாஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'மோர்னே'. வெண்ணெயில் வறுத்த மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சிய பெஷமெல் சாஸில் க்ருயேர், பார்மெசான் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது அது. எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட கையேடு இந்தச் சாஸ் குடும்பங்களை நிலைப்படுத்தியிருந்தது. விடுதிப் பயிற்சி பெற்ற ஒருவர் இந்தச் சிக்கலை எதிர்கொண்டிருந்தால் மாவை நாடியிருப்பார், ஏனென்றால் மாவு சாஸைத் திரியவிடாமல் காக்கும் மிக எளிய வழி. இங்கே மாவு இல்லாமலேயே சாஸ் நிற்கிறது. ஃபோந்த்யூ செய்து பழகிய கையின் அடையாளம் இது.

மாவில்லாமல் அது எப்படித் திரியாமல் நிற்கிறது என்பது இவ்வுணவின் மிகச் சுவையான பகுதி. பாலாடைக்கட்டி என்பது கேசீன் என்ற புரத வலைக்குள் கொழுப்பும் நீரும் சிறைப்பட்ட பொருள். அவ்வலையைக் கட்டி வைத்திருப்பது கால்சியம். சூடேறும்போது முதலில் கொழுப்பு உருகும். கோந்தே, க்ருயேர் போன்ற வகைகளில் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் புரத வலையும் தளர்ந்து ஓடத் தொடங்கும். சூடு இன்னும் கூடினால் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிச் சுருண்டு, நீரையும் கொழுப்பையும் பிழிந்து தள்ளிவிடும். கீழே ரப்பர்போல் ஒரு கட்டி, மேலே எண்ணெய் என்று சாஸ் இரண்டாகிவிடும். ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தைப் பற்றி இழுத்து, புரதங்கள் மீண்டும் இறுகுவதைத் தடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1911இல் பதப்படுத்திய பாலாடைக்கட்டி தயாரித்தவர்கள் சிட்ரேட் உப்பைக் கொண்டு தொழிற்சாலையில் செய்ததும் அடிப்படையில் இதே வேலை. ஜூரா வீடுகளில் ஒயின் அதை எப்போதோ செய்துகொண்டிருந்தது.

க்ரீமின் பங்கு இதற்கு இணையானது. அமிலம் கலந்த கொதிசாற்றில் பாலை ஊற்றினால் திரியும். 30 சதவீதமும் அதற்கு மேலும் கொழுப்புள்ள க்ரீம் திரிவதில்லை, ஏனென்றால் அதில் உள்ள சிறிதளவு கேசீன் முழுவதும் ஏராளமான கொழுப்புத் துளிகளைச் சூழ்வதிலேயே செலவாகிவிடுகிறது. கோழியின் தோலிலும் எலும்பு இணைப்புகளிலும் இருந்து கரைந்து வரும் ஜெலட்டின் சாஸுக்குப் பிசுபிசுப்பான கனத்தைச் சேர்க்கிறது. கடுகு விழுதின் நுண்துகள்களும் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்கத் துணை நிற்கின்றன. இப்படிப் பல தடுப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால்தான் இந்தச் சாஸ் பிறகு ஓவன் சூட்டையும் தாங்குகிறது.

பாலாடைக்கட்டியின் வயதும் பார்க்கப்பட வேண்டியது. கோந்தேவைக் குறைந்தது 120 நாள் முதிரவைக்க வேண்டும் என்பது விதி. ஓராண்டும் அதற்கு மேலும் முதிர்ந்தவை ஏராளம். மிக இளையதில் புரத இழைகள் நீளமாக இருப்பதால் சாஸ் கம்பி கம்பியாக இழுபடும். மிக முதிர்ந்ததில் மணம் கூடும், ஆனால் கரைந்த பின் மணல்மணலாக நிற்கக்கூடும். இடைப்பட்ட வயதுடையதே இச்சமையலுக்கு ஏற்றது.

பொருள்களின் புவியியல்

'பர்கண்டி உணவு' என்ற அடையாளத்தைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் அது கலைகிறது. ஒயின் ஐயமின்றிப் பர்கண்டியுடையது. இச்சமையலுக்கு அலிகோத்தே திராட்சையின் புளிப்பான வெள்ளை ஒயினைப் பலர் எடுக்கிறார்கள். கோந்தே பர்கண்டியைச் சேர்ந்தது அன்று; அது ஃப்ரான்ஷ்-கோந்தேவின் பொருள். ஏறக்குறைய 400 லிட்டர் பால் சேர்ந்து 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டாக மாறுகிறது. ஒரு குடும்பத்திடம் அவ்வளவு பால் இருக்காது என்பதால் ஜூரா மலை ஊர்களில் இடைக்காலம் தொட்டே கூட்டுறவாகப் பால் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்து வந்தார்கள். ஒரு காலத்தில் பர்கண்டிச் சிற்றரசும் இந்த மலைநாடும் ஒரே பிரபுகளின் ஆட்சியில் இருந்தன. 1477இல் அப்பிரபுகளில் ஒருவரான துணிச்சல்கார சார்லஸ் போரில் இறந்த பின் அவை பிரிந்தன. ஃப்ரான்ஷ்-கோந்தே 1678இல்தான் பிரான்சோடு நிலையாகச் சேர்ந்தது. இரு பகுதிகளும் ஒரே நிர்வாகப் பிரிவாக மீண்டும் இணைந்தது 2016இல். சட்டி அந்த இணைப்பை 86 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது.

பாப்ரிகா அமெரிக்கக் கண்டத்து மிளகாயின் வழித்தோன்றல். ஐரோப்பாவில் அதன் வீடு ஹங்கேரியும் ஸ்பெயினும். கடுகின் பயணம் இன்னும் சிக்கலானது. திஜோன் கடுகு விழுது என்பது ஒரு செய்முறையின் பெயர். பிரெஞ்சு விதிகள் 1937இலேயே அதை வரையறுத்தன. அதை எந்த நாட்டிலும் செய்யலாம். ஊரோடு பிணைந்த சட்டப் பாதுகாப்பு 'பர்கண்டி கடுகு விழுது' என்ற வேறொரு பெயருக்கு 2009இல் கிடைத்தது. திஜோன் ஆலைகளுக்கு விதையின் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கனடாவிலிருந்து வருகிறது. 2021இல் அங்கு வறட்சி வந்ததும் அடுத்த ஆண்டு பிரான்சின் கடைத்தட்டுகளில் கடுகு விழுது காணாமற்போனது.

இவ்விழுதுக்குப் பயன்படும் பழுப்புக் கடுகு தாவரவியலின்படி தமிழ்ச் சமையலறையில் தாளிக்கும் கடுகின் இனமே. செய்முறை வேறுபடுவதால் சுவை வேறாகிறது. சூடான எண்ணெயில் முழுக்கடுகு வெடிக்கும்போது உறைப்பை உண்டாக்கும் நொதி அழிந்து, வறுத்த பருப்பின் மணம்போன்ற ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. ஈரமாக அரைக்கும்போது அதே நொதி வேலை செய்து, மூக்கில் ஏறும் உறைப்பைத் தருகிறது. ஆகவே சாஸில் கடுகு விழுதைக் கடைசியில், தீயைத் தணித்த பிறகு சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்துக் கொதிக்கவிட்டால் உறைப்பு ஆவியாகிப் புளிப்பு மட்டும் எஞ்சும். பழைய வடிவங்கள் சிலவற்றில் கடுகே இல்லாததற்கும், இன்றைய வடிவங்களில் அது தவறாமல் இருப்பதற்கும் சமையல் காரணத்தைவிட ஊர்க் காரணமே பொருத்தமாகப் படுகிறது. திஜோனின் பெயர் தாங்கிய உணவில் திஜோன் கடுகு இல்லாமல் போவதை ஊர் விரும்பாது.

பெயர் யாருக்குரியது

க்யூர்னோன்ஸ்கி பிரெஞ்சுச் சமையலை நான்காகப் பிரித்தார்: உயர்நிலைச் சமையல், நடுத்தரக் குடும்பச் சமையல், வட்டாரச் சமையல், நினைத்த மாத்திரத்தில் செய்யும் சமையல். இவ்வுணவு கடைசி மூன்றுக்கும் ஒருசேர உரியது. குடும்ப அடுப்பில், வட்டாரப் பொருள்களைக் கொண்டு, அந்த நேரத்தில் தீர்மானித்துச் செய்யப்பட்டது. அவர் போற்றிய எளிய சமையலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனாலும் பெயர் சூட்டும்போது அவர் பின்பற்றியது உயர்நிலைச் சமையலின் வழக்கத்தை. ரொஸ்ஸினி, ஷத்தோப்ரியான், பெஷமெய் என்று உண்டவர் அல்லது புரவலர் பெயரை உணவுக்கு இடுவது அங்குள்ள மரபு.

அதே காலத்தில் தெற்கே லியோன் நகரில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே 'அம்மா' என்று அழைக்கப்பட்ட பெண் சமையற்கலைஞர்கள் சொந்த உணவகம் நடத்தினார்கள். ஃபியூ அம்மாவும், அவரிடம் பயின்ற எஜெனி பிராஸியேயும் கோழித் தோலுக்கடியில் ட்ரஃபிள் காளானைச் செருகிச் செய்த உணவு அவர்களுடைய பெயராலேயே பேசப்பட்டது. பிராஸியே 1933இல் தம் இரு உணவகங்களுக்கும் மூன்று நட்சத்திரம் பெற்றார். கடைப்பலகையில் பெயர் இருந்த பெண்ணின் உணவு அவர் பெயரிலேயே நின்றது. வீட்டில் சமைத்த பெண்ணின் உணவு கணவர் பெயருக்குப் போனது. திறமையின் அளவு இதில் பேசப்படவே இல்லை. சமைத்த இடமே பெயரைத் தீர்மானித்தது.

திஜோனுக்கு இது ஒரேயொரு நிகழ்ச்சியும் அன்று. 1945 முதல் 1968 வரை மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர், விருந்தினருக்கு பிளாக்கரண்ட் பழமது கலந்த வெள்ளை ஒயினைத் தவறாமல் கொடுத்து வந்தார். பர்கண்டியில் வெகுநாளாக இருந்த அந்தப் பானம் இப்போது உலகெங்கும் 'கிர்' எனப்படுகிறது. ஒரே நகரின் இரு மேயர்கள், ஒரு கோழியும் ஒரு பானமும்: இரண்டிலும் ஊரின் சமையலறிவு நகராட்சியின் வரவேற்பறை வழியாக வெளியுலகுக்குப் போயிருக்கிறது. ஜெராரின் விளம்பரத் திறமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது இல்லாமல் இவ்வுணவு ஒரு குடும்பத்தின் நினைவோடு முடிந்திருக்கும். உணவகங்கள் தம் பட்டியலில் சமைத்தவரின் பெயரையும் சேர்த்து எழுதினால் வரலாறு நேராகும்.

இன்றைய வடிவங்கள்

இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகளில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட முழுக்கோழி எட்டுத் துண்டுகளாகிறது. அதற்கு 150 முதல் 200 கிராம் கோந்தே, 200 மில்லிலிட்டர் ஒயின், 400 மில்லிலிட்டர் அளவுக்குக் க்ரீம், ஒரு பெரிய கரண்டி கடுகு விழுது. பாப்ரிகா ஒரு கரண்டிக்கு மேல் போவதில்லை. டப்பா கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே, கொட்டாத அளவில் சமைக்கிறார்கள். கதை உண்மையானால் முதல் சட்டியின் சாஸ் இன்றைய இளஞ்சிவப்பைவிடச் செங்கல் நிறத்துக்கு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்.

கோழியும் மாறிவிட்டது. 1930இல் கோழி ஞாயிறு விருந்துக்கான உணவு. முற்றத்தில் மேய்ந்து மெல்ல வளர்ந்த பறவை. அதன் இறைச்சி இளகவும் ஜெலட்டின் இறங்கவும் முக்கால் மணி நேரமாவது மூடி வேகவேண்டும். சில வாரங்களில் வளரும் இன்றைய பண்ணைக்கோழி அரைமணிக்கும் சற்று மேலே தயாராகிவிடும். சாறு குறைவாகவும் நீர்த்தும் இருக்கும். மார்புத் துண்டுகள் 74 டிகிரியைத் தாண்டினால் வறளத் தொடங்கும், தொடைத் துண்டுகளோ இன்னும் சூடேறினால்தான் இளகும். எனவே மார்பை முன்னதாக எடுத்து வைத்து, தொடையை மேலும் வேகவிட்டு, கடைசியில் ஓவனில் ஒன்றுசேர்ப்பது நல்லது.

எலும்பும் தோலும் நீக்கிய மார்பை மட்டும் கொண்டு செய்யும் விரைவு வடிவம் வீடுகளில் பெருகியிருக்கிறது. அதில் ஜெலட்டின் இல்லாததால் சாஸ் மெலிகிறது. மெலிந்ததை ஈடுகட்ட மாவு சேர்க்கிறார்கள். மாவு சேர்ந்ததும் அது மோர்னே ஆகிவிடுகிறது. கோந்தேவுக்குப் பதில் எமெந்தால் போட்டால் செலவு குறையும், ஆனால் சாஸ் கம்பியாக இழுபடும், மணமும் பாதியாகும். ஒயினைத் தவிர்க்க விரும்பும் வீடுகளில் கோழிச் சாற்றில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் கலந்து ஊற்றலாம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடிக்கும் வேலையைச் செய்துவிடுவதால் சாஸ் திரியாமல் நிற்கும். ரொட்டித்தூள் தூவிய பிறகு 200 முதல் 220 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓவனில் வைக்கக் கூடாது. கோழி ஏற்கெனவே வெந்துவிட்டது. ஓவனின் வேலை மேற்பரப்பைச் சிவக்க வைப்பதோடு முடிகிறது. உடன் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, அகல நூடுல்ஸ் என எது வந்தாலும் அது சாஸை உறிஞ்சுவதாக இருக்க வேண்டும்.